வாடகை வீட்டில் இரட்டைக்குழல்: பெட்டி, பூட்டு, பக்கத்து வீடு

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும் வேலை, பேங்க் காவலோ நகைக்கடைக் காவலோதான். கேட்கும் முதல் கேள்வி, "சொந்தத் துப்பாக்கி, லைசென்ஸ் இருக்கா?" நானும் அப்படித்தான் பன்னிரண்டு போர் (bore, அதாவது குழல் வாய் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். காரைக்குடியில் வாடகை வீடுகளில் குடியிருந்துகொண்டே பல வருடமாக அதை வைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் பெட்டி மாற்றினேன், பூட்டு மாற்றினேன், வீடும் மாறினேன். எது உழைத்தது, எது தண்டச் செலவு என்று எழுதி வைத்தால் என்னைப் போல் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் யாருக்காவது உதவும். பிஸ்டல், ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. என் தலைவலியே நீளம்தான்.

குழல் மட்டும் முப்பது அங்குலம். தோளில் அணைக்கும் கட்டையோடு சேர்த்தால் நாலடியை நெருங்கும். சொந்த வீடாக இருந்தால் சுவரைக் குடைந்து பெட்டியைப் புதைத்துவிடலாம். வாடகை வீட்டில் காலண்டர் ஆணிக்கே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

எல்லோரையும் போல நானும் ஆரம்பித்தது ஸ்டீல் பீரோவில்தான். உள்ளே இருக்கும் லாக்கரில் குழல் நுழையாது. லாக்கருக்கு வெளியே, புடவைகளுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தால் பீரோவின் ஒற்றைச் சாவிதான் காவல். அந்தச் சாவியோ வீட்டில் எல்லோர் கையிலும் புழங்கும். அதோடு, பீரோ என்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு. கடப்பாரையோடு வருகிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. திருடன் முதலில் போய் நிற்கும் இடமும் அதுதான். துணிமணிக்கு நல்ல சாமான். துப்பாக்கிக்குத் தனியாக அதை நம்பக்கூடாது.

அடுத்து, கடையில் டிஜிட்டல் லாக்கர் ஒன்று வாங்கினேன். ஓட்டல் அறைகளில் இருக்குமே, நம்பர் அழுத்தித் திறப்பது. அதில் நீளத் துப்பாக்கி வைக்க முடியாது என்பது தெரிந்துதான் வாங்கினேன். தோட்டா, லைசென்ஸ் புத்தகம், முன்கட்டை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்துண்டு) இவற்றுக்கு என்று திட்டம். பேட்டரி இறங்கினால் கீச் கீச்சென்று அடிக்க ஆரம்பிக்கும், அதுவும் சரியாக நடுராத்திரியில். விலை குறைந்த மாடல்களில் பூட்டுக் கொண்டியைப் பிடித்திருக்கும் சோலனாய்டு என்ற மின்காந்தப் பின் பலமான அதிர்ச்சியில் நழுவக்கூடியது. ராணுவக் கிடங்குச் சாவியைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பழகியவனுக்கு இந்த விளையாட்டுச் சாமானில் மனம் ஒப்பவில்லை. இப்போது அதில் என் மனைவி பாஸ்புக், ஆதார் அட்டை எல்லாம் வைத்திருக்கிறாள். அதற்கு அது போதும்.

நடுவில் ஒரு ஆசை வந்தது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், பெரிய வீடுகளிலிருந்து வந்த இரும்புப் பெட்டிகள் கிடக்கும். பர்மா, மலேயா வியாபாரக் காலத்துச் சாமான்கள். நாலு பேர் பிடித்தாலும் நகராது, பூட்டின் வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் நீளம் போதாது. மாடிக்கு ஏற்றினால் தளம் தாங்குமா என்ற கேள்வி வேறு. அந்தப் பூட்டுக்கு எத்தனை சாவி உலகத்தில் சுற்றுகிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. பார்த்து ரசித்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் உருப்பட்டது பட்டறைப் பெட்டி. மூன்று மில்லிமீட்டர் தகட்டில், உள்ளளவு முப்பத்து மூன்று அங்குல நீளம், ஒரு அடி அகலம், அரையடி ஆழம் என்று வரைந்து கொடுத்து வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினேன். கீல் உள்பக்கம் இருக்க வேண்டும் என்று சொல்லிச் செய்ய வேண்டும். வெளியே தெரிந்தால் கீலை அறுத்துவிட்டால் முடிந்தது. நாதாங்கியும் தொங்கு பூட்டும் வேண்டாம். கதவிலேயே பதித்த லீவர் பூட்டு போடச் சொன்னேன். பட்டறைக்காரர் "என்னண்ணே, நகைப் பெட்டியா?" என்றார். "தஸ்தாவேஜு" என்றேன். பெயின்ட் கூட பளபளப்பு இல்லாமல் அலமாரி மரத்தின் நிறத்திலேயே அடிக்கச் சொன்னேன்.

நாலடித் துப்பாக்கி முப்பத்து மூன்று அங்குலப் பெட்டியில் எப்படி என்றால், கழற்றித்தான் வைக்க வேண்டும். இரட்டைக்குழல் மூன்று துண்டாகப் பிரியும்: குழல், கட்டை, முன்கட்டை. கருவி எதுவும் தேவையில்லை. முன்கட்டையை எடுத்துவிட்டு லீவரைத் தள்ளினால் குழல் கையோடு வந்துவிடும். என் பழக்கம் இப்படி: வேலை முடிந்து வந்ததும் இரண்டு குழலிலும் தோட்டா நுழையும் இடம் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்ப்பேன். பிறகு பிரிப்பேன். குழல் பட்டறைப் பெட்டிக்குள். கட்டையும் முன்கட்டையும் பீரோ லாக்கருக்குள். தோட்டா இன்னொரு அறையில் சின்ன இரும்புப் பெட்டியில். ஒரே பெட்டியில் மூன்றையும் வைக்க இடம் இருக்கிறது, ஆனாலும் வைப்பதில்லை. குழலை மட்டும் தூக்கிப் போனவனுக்கு அது வெறும் இரும்புக் குழாய். பாதுகாப்பாகப் பூட்டி வைப்பது 2016 ஆயுத விதிகளே லைசென்ஸ்தாரர் மேல் வைத்திருக்கும் கடமை. அது இல்லாவிட்டாலும் நான் இப்படித்தான் செய்வேன். லீவு விட்டால் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். பிள்ளைகள் கண்ணில் படாத இடம் என்று எந்த வீட்டிலும் ஒன்று கிடையாது. பரண், அரிசி டிரம், கட்டிலுக்கடி எல்லாவற்றையும் இரண்டே நாளில் துழாவிவிடுவார்கள். ஒளித்து வைப்பதை நம்பி பூட்டாமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

இனி சுவர் விஷயம். முன்பு குடியிருந்தது ஒரு பழைய வீட்டின் பக்கவாட்டுப் போர்ஷன். செட்டிநாட்டுச் சுவர்களைப் பற்றித் தெரிந்திருக்கும், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்று ஆக்கியது. அதில் டிரில் போடுவது பாவம். ஒரு சில்லு பெயர்ந்தால் சரிசெய்ய ஆள் தேடி அலைய வேண்டும். தரையில் ஆத்தங்குடிக் கல், அதிலும் துளை போட முடியாது. அதனால் அங்கே பெட்டியைப் பீரோவின் அடித்தட்டோடு, உள்ளிருந்து நாலு போல்ட் போட்டு முடுக்கினேன். பெட்டியைத் தூக்க வேண்டுமானால் பீரோவையும் சேர்த்துத் தூக்க வேண்டும். முழுப் பாதுகாப்பு இல்லைதான், ஆனால் அரைமணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு ஓட நினைக்கிறவனுக்கு அது போதுமான தொல்லை.

வீட்டுக்காரர் ஆச்சியிடம் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று அப்போது யோசித்தேன். சொல்லிவிடுவதே நல்லது என்பது என் முடிவு. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு ஆள் வருவார். அவர் வாசலில் நின்று கேட்டுத்தான் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும் என்றால் அதைவிடச் சங்கடம் இல்லை. லைசென்ஸ் நகலைக் காட்டி, தினமும் பிரித்துப் பூட்டி வைக்கிறேன் என்றேன்.

"எங்க அப்பச்சி காலத்துல முகப்புலயே ரெண்டு மாட்டியிருக்கும் தம்பி, வேட்டைக்குப் போவாக" என்றார் ஆச்சி. "அது கெடக்கட்டும். சுவத்துல மட்டும் ஓட்டை போட்டுறாதீக."

இப்போது இருப்பது ஃபிளாட். செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு. உரிமையாளர் கட்டிய அலமாரிக்குள் பின்சுவரில் இரண்டு துளை போட அனுமதித்தார், காலி பண்ணும்போது அடைத்துக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சோடு. ஆங்கர் போல்ட் இரண்டு, பெட்டியின் உள்ளிருந்து முடுக்கியது. செங்கலின் நடுவில் துளை விழ வேண்டும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்தில் விழுந்தால் போல்ட் ஆடும். கடப்பைக் கல் தட்டில் துளை போடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். வேண்டாம் என்றேன், விரிசல் விட்டால் தட்டு முழுவதும் போய்விடும். வெள்ளை சிமென்டும் கொஞ்சம் பெயின்டும் இருந்தால் சுவர்த் துளை அடைபட்டுவிடும். அட்வான்ஸில் கை வைக்கும் அளவுக்கு எந்த வீட்டுக்காரரும் இதற்காகப் போகமாட்டார்.

ஃபிளாட்டில் பெட்டியைவிடக் கஷ்டம் படிக்கட்டு. தினமும் போகவர எதிர்வீட்டுக்காரர், பால்காரர், கூரியர் பையன் எல்லோரும் பார்க்கிறார்கள். பொது இடத்தில் துப்பாக்கியை மூடித்தான் கொண்டுபோக வேண்டும், அது விதி. ஆனால் கடையில் விற்கும் நீளமான துப்பாக்கி உறை, மூடியிருந்தாலும் உள்ளே என்ன என்று ஊருக்கே சொல்லிவிடும். பைக் சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்து, உள்ளே இரண்டு தடுப்பு வைத்த கித்தான் பை தைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் குழல், மறுபக்கம் கட்டை. பார்த்தால் யோகா பாய் எடுத்துப் போகிறவன் மாதிரி இருக்கும். சீருடைச் சட்டையை வேலையிடத்தில் போய்தான் மாட்டுகிறேன். காக்கிச் சட்டையும் நீளப் பையும் சேர்ந்தால் யாரும் ஊகித்துவிடுவார்கள். போலீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் தெரிந்த விஷயத்தைத் தெருவுக்கும் தெரியப்படுத்த வேண்டியதில்லை. வேலைக்கார அம்மா வரும் நேரத்தில் அந்த அறை பூட்டியிருக்கும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் "மாப்ள, ஒரு போட்டோ எடுத்துக்குறேன், கொண்டு வா" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு போட்டோ வாட்ஸப்பில் போனால் இத்தனை வருட அடக்கமும் வீண். கொண்டாட்டத்துக்கு வானத்தில் சுடுவதற்கு 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தில் தனியாகவே தண்டனை வந்துவிட்டது. அதைச் சொல்லித்தான் சமாளிப்பேன்.

துரு. இது தனியாக ஒரு கட்டுரை எழுதக்கூடிய விஷயம். அரிப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953 முதல் இயங்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் துருவோடு மல்லுக்கட்டுகிறேன் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். வருடத்தில் பெரும்பகுதி இங்கே காய்ச்சல் வெயில், பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் ஆபத்து. மூடிய இரும்புப் பெட்டி ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைக்கிறேன். நீலமாக இருப்பது ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். துப்பாக்கியை உறைக்குள் போட்டபடி பெட்டியில் வைக்கவே கூடாது. கித்தானும் தோலும் ஈரத்தை உறிஞ்சி அப்படியே குழலோடு ஒட்டிக்கொள்ளும். பட்டாளத்தில் சொல்லிக் கொடுத்த புல்த்ரூவும் (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு) அதில் கோக்கும் துடைப்புத் துணியும்தான் இன்றைக்கும் எனக்கு. எண்ணெய் மெல்லிசாக, துடைத்த பிறகு விரலில் ஒட்டாத அளவுக்கு இருந்தால் போதும். தேங்காய் எண்ணெய் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது சிக்கு பிடித்து இயக்கத்தையே கெடுக்கும்.

துப்பாக்கி விசையைப் பூட்டும் டிரிக்கர் லாக் ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். பிரித்து வைக்கும் பழக்கம் உள்ளவனுக்கு அது கூடுதல் சாவி மட்டுமே.

சாவி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். லைசென்ஸ் என் பேரில். மனைவிக்குத் துப்பாக்கி எங்கே என்று தெரியும், சாவி எங்கே என்று தெரியாது. அவளுக்கு இதில் வருத்தம் இல்லை, "எனக்கெதுக்கு அந்தச் சனியன்" என்பாள். ஒரு சாவி என் இடுப்பில். மாற்றுச் சாவி பேங்க் லாக்கரில் இருக்கிறது, வீட்டில் இல்லை.

வீடு மாறுகிற அன்று பெட்டியை லாரியில் ஏற்றலாம், துப்பாக்கியை ஏற்றக்கூடாது. அது என் கையோடுதான் வரும். புது முகவரியை லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தி, புத்தகத்தில் பதிந்து வாங்குவது வாடகைக்குக் குடியிருப்பவனுக்குத் திரும்பத் திரும்ப வரும் வேலை. சிவகங்கைக்குப் போக ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள். முன்பு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இருந்த புதுப்பித்தல் 2019-க்குப் பிறகு ஐந்து வருடம் ஆனது கொஞ்சம் ஆறுதல்.

நீண்ட நாள் வெளியூர் போவதாக இருந்தால் பூட்டிய வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை. பாதுகாப்பில் வைத்துக்கொள்ள அனுமதி உள்ள டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வேன், நான் மதுரையில் கொடுப்பது வழக்கம். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பேங்க் காவலுக்கு விலக்குக் கேட்டு மனுக் கொடுக்கலாம், பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கொடுப்பதற்கு முன் குழலுக்கு வழக்கத்தைவிடத் தாராளமாக எண்ணெய் பூசி, உறை இல்லாமல் எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுங்கள். 2024 தேர்தலில் மார்ச் நடுவில் நடத்தை விதி வந்து ஜூன் முதல் வாரத்தில்தான் முடிந்தது. அவ்வளவு நாள் அது யாரும் தொடாமல் கிடக்கும். ரசீதில் துப்பாக்கி எண்ணை நீங்களே வாசித்துச் சரிபாருங்கள். திரும்ப வாங்கும்போதும் அங்கேயே, மேஜையை விட்டு நகர்வதற்கு முன், குழலிலும் கட்டையிலும் அதே எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.