யூல்டைட் ஃபேன்ஃபிக் எக்ஸ்சேஞ்ச்: மொய் மாதிரி தான், ஆனா சுத்தி வரும்

மூணு வருஷமா டிசம்பர் வந்தா நான் வீட்ல யார்கிட்டயும் சரியா பேசறதில்ல. முதல் வருஷம் வீட்டுக்காரர் எனக்கு ஆபீஸ்ல ஏதோ பிரச்சனைன்னே நெனச்சுட்டாராம், அப்புறம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி குடிக்க எழுந்து வந்தவரு பாத்தா நான் லேப்டாப் முன்னாடி உக்காந்து 18-ம் நூற்றாண்டு கப்பல்ல பாலுக்கு என்ன பண்ணாங்கன்னு தேடிட்டு இருக்கேன். (ஆடு வளத்தாங்க. நிஜமாவே கப்பல்லயே ஆடு.) உக்கார வச்சு அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு தான் கேட்டாரு, "காசு குடுப்பாங்களா?"

இல்லங்க, பத்து பைசா கிடையாது. அப்படியும் இந்த அக்டோபர்லயும் சேரப்போறேன், அதான் இந்த ரிவ்யூ.

தெரியாதவங்களுக்கு: யூல்டைட்ங்கறது வருஷா வருஷம் நடக்கற ஒரு ஃபேன்ஃபிக் (ஏற்கனவே இருக்கற கதை, படத்து கேரக்டர்கள வச்சு ரசிகர்களே எழுதற கதை) கிஃப்ட் எக்ஸ்சேஞ்ச், 2003-ல இருந்து ஓடிட்டு இருக்கு. நீங்க ஒருத்தருக்கு அவங்க ஆசைப்பட்ட கதைய எழுதித் தரணும், வேற ஒருத்தர் உங்களுக்கு எழுதித் தருவாங்க. இதுல ஸ்பெஷல் என்னன்னா சின்ன ஃபேண்டம் (ரசிகர்கள் கதை எழுதற மூலப் படைப்பு) மட்டும் தான். அந்த மந்திரப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கெல்லாம் ஏஓ3-ங்கற ஃபேன்ஃபிக் சைட்டுல லட்சக்கணக்குல கதை கெடக்கு, அதெல்லாம் இங்க செல்லாது, ஆயிரத்துக்கும் குறைவா கதை இருக்கற ஃபேண்டமா இருக்கணும். பழைய டிவி சீரியல், யாரும் படிக்காத நாவல்னு மட்டும் இல்ல, பாட்டு, விளம்பரப் படம் இதையெல்லாம் கூட கேப்பாங்க. முதல் தடவ அந்த லிஸ்ட்ட பாத்தப்போ என்னடா இதுன்னு இருந்துச்சு, ஆனா அதுல என் ஃபேண்டமும் இருந்துச்சே! மொத்தம் ஒம்பது கதை இருந்த கப்பல் கதை ஃபேண்டம் அது, அதுல மூணு நான் எழுதினது.

நம்ம ஊர் கணக்குல சொன்னா இது மொய். நாலு பேர் முறை செய்யறாங்க, நாளைக்கு நாமளும் செய்யணும், செய்யலன்னா பேச்சு வரும். ஆனா மொய்ல நான் உங்களுக்கு வச்சா நீங்க எனக்குத் தான் திருப்பி வைப்பீங்க, நோட்டுல பேர், ஊர், தொகை எல்லாம் இருக்கும். இங்க நான் எழுதறது ஒருத்தருக்கு, எனக்கு எழுதறது சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர், அவருக்கு எழுதறது வேற யாரோ. சுத்தி வரும். அதுவும் யார் எழுதினதுன்னு ஜனவரி 1 வரைக்கும் தெரியாது. அதனால "நான் நாலாயிரம் வார்த்தை எழுதினேன், எனக்கு ஆயிரத்து நூறு தான் வந்துச்சு"ன்னு கணக்குப் பாக்க ஆரம்பிச்சீங்கன்னா வயிறு எரியும். மினிமம் ஆயிரம் வார்த்தை, அது வந்துட்டா உங்க கணக்கு நேர்.

செப்டம்பர் வாக்குல ஃபேண்டம் நாமினேஷன், அக்டோபர்ல சைன்-அப், அதாவது தீபாவளி பலகாரம் சுடற நேரத்துல தான் இங்க ஃபார்ம் ரொப்பணும். உங்களுக்கு வேணும்னு குறைஞ்சது மூணு ஃபேண்டம் கேக்கணும், நான் எழுதித் தர்றேன்னு அதை விட கொஞ்சம் கூட ஆஃபர் பண்ணணும், எந்தெந்த கேரக்டர்னும் சொல்லணும். ஏஓ3-லயே இருக்கற மேட்சிங் சிஸ்டம் ரெண்டையும் ஒட்டிப் பாத்து உங்களுக்கு ஒரு ஆள குடுக்கும். ஜாதகப் பொருத்தம் தான், ஒரு ஃபேண்டமும் அதுல கேட்ட கேரக்டரும் ஒத்துப்போனா போதும், கல்யாணம் முடிஞ்சுது.

இதோட ஒரு லெட்டரும் எழுதணும். கட்டாயம் கிடையாது, ஆனா என் அனுபவத்துல இந்த மொத்த விஷயமும் அந்த லெட்டர்ல தான் இருக்கு. "எனக்கு எழுதப்போற அன்புள்ள எழுத்தாளருக்கு"ன்னு ஆரம்பிச்சு எனக்கு இந்த கேரக்டர ஏன் பிடிக்கும், எந்த மாதிரி கதைன்னா உயிர், எது வேணவே வேணாம்னு எழுதணும். முதல் வருஷம் நான் பெரிய பெருந்தன்மைன்னு நெனச்சுட்டு "எதுனாலும் பரவால்ல, உங்க இஷ்டம்"னு எழுதி வச்சேன். வீட்டுக்கு வந்தவங்கள காபியா டீயான்னு கேட்டா "எதுனாலும் பரவால்ல"ன்னு சொல்லுவாங்களே, உள்ள நிக்கறவளுக்குத் தான் அந்த அவஸ்தை தெரியும்! வந்த கதை நல்லா தான் இருந்துச்சு, குறை சொல்ல முடியாது, ஆனா யாருக்கு வேணா எழுதியிருக்கலாம். தப்பு என்னுது. என்னைப் பத்தி ஒரு வரி கூட சொல்லாம எனக்குன்னு ஒரு கதை வேணும்னா எப்படி வரும்.

லெட்டர்ல ரெண்டு விஷயம் இருக்கும். ஆசைகள் எல்லாம் ஆப்ஷனல், அவங்க கேட்டபடியே கதை எழுதணும்னு இல்ல, அந்த கேரக்டர் இருந்தா போதும். ஆனா டிஎன்டபிள்யூ, அதாவது "வேணாம்" லிஸ்ட், அதை மட்டும் மீறக்கூடாது. நான் யாருக்கு எழுதணுமோ அவங்க போட்டிருந்தது: மிருகங்க சாகக்கூடாது. நான் பாதி கதை எழுதி முடிச்சுட்டேன், அதுல புயல்ல கப்பல் ஆடு செத்துப்போகுது, கப்பல் டாக்டரு அதை நெனச்சு மனசு ஒடையறாரு, கதையே அதுல தான் நிக்குது. லெட்டர மறுபடி படிச்சப்போ தூக்கிவாரிப்போட்டுச்சு. ஆட்ட காப்பாத்தியே ஆகணும். மூணு நாள் யோசிச்சு கடைசில ஆடு பொழைச்சு, கரைக்கு வந்து, டாக்டர் வீட்டுத் தோட்டத்த மேய்ஞ்சு, அவரு தங்கச்சிக்கும் அவருக்கும் அதனால சண்டைன்னு கதை வேற எங்கயோ போயிடுச்சு. சத்தியமா சொல்றேன், செத்த ஆட்ட விட இந்த ஆடு தான் நல்ல கதை. சோகம் வேணும்னா எதையாவது கொன்னுடறது என் பழக்கம், அது எனக்கே அன்னிக்கு தான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி நான் பொதுவா "வாசகர்களுக்கு"ன்னு எழுதிட்டு இருந்தேன், அப்படி ஒரு ஆளே கிடையாதில்ல. இங்க ஒரே ஒரு ஆளு, ஆடு சாகக்கூடாதுன்னு முன்னாடியே சொன்ன ஆளு.

சரி, எழுத முடியலன்னா என்ன ஆகும்? டிஃபால்ட்னு ஒரு பட்டன் இருக்கு. அதுக்குன்னு குடுத்த தேதிக்குள்ள அமுக்கிட்டா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, உங்க ஆளு ஒரு பிஞ்ச் ஹிட்டர் கைக்குப் போயிடுவாங்க, அதாவது கடைசி நேரத்துல எடுத்து எழுதித் தர ரெடியா இருக்கற புண்ணியவானுங்க. தேதி தாண்டி கை விரிச்சா தான் அடுத்த வருஷம் நேரா உள்ள வர முடியாது, பழைய கோரிக்கை ஒண்ணுக்கு கதை எழுதி கடனை அடைச்சுட்டு வரணும். எனக்கு இது ரொம்ப நியாயமா படுது. பல வருஷம் பட்டு பட்டு போட்ட ரூல்னு பாத்தாலே தெரியும்.

இந்த ஏற்பாடு இல்லாத இடத்துல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நடுவுல ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச்ல சேந்தேன், பேர் வேணாம். மொத்தம் இருபது பேர் சொச்சம், நடத்தினது ஒரே ஒரு மாட் (நம்ம மாடு இல்லங்க, மாடரேட்டர்). கெடு முடிஞ்சு அஞ்சு நாள் ஆச்சு, மாட காணோம். கதைங்க எல்லாம் பூட்டின கலெக்ஷன்குள்ள கெடக்கு, அதுவரைக்கும் யாராலயும் படிக்க முடியல, எனக்கு எழுத வேண்டியவரு எழுதவே இல்லன்னு அப்புறம் தெரிஞ்சுது, மாத்து ஆளும் தேடல. சரி போகட்டும், நான் எழுதின கதைய வாங்கினவங்களாவது ஒரு நன்றி சொன்னாங்களா? இன்னிக்கு வரைக்கும் இல்ல. கல்யாணத்துக்குப் போய் மொய்யும் வச்சு பந்தில எடம் கிடைக்காம வந்த மாதிரி ஆச்சு. அதுல இருந்து எந்த எக்ஸ்சேஞ்ச்ல சேர்ந்தாலும் முதல்ல பாக்கறது ரெண்டு தான்: நடத்தறது எத்தனை பேரு, பிஞ்ச் ஹிட்டுக்கு வழி இருக்கா. பேனர் எவ்ளோ அழகா இருந்தாலும் இது இல்லன்னா வேணாம்.

டிசம்பர் 25 கதைங்க எல்லாம் தெறக்கும், ஆனா எழுதினவங்க பேர் ஜனவரி 1 தான் தெரியும். அந்த ஒரு வாரம் தான் எனக்கு தீபாவளி பொங்கல் எல்லாம். ஆயிரத்துக்கு மேல கதை, ஒண்ணுலயும் பேர் கிடையாது, பெரிய எழுத்தாளரா புதுசா வந்தவங்களான்னு தெரியாது, அதனால யார்னு பாத்து படிக்க முடியாது, கதைய தான் படிக்கணும். நம்ம கதைக்கு கமென்ட் வந்தா பதில் போடவும் கை அரிக்கும், போட்டா காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடுமோன்னு அடக்கிட்டு இருக்கணும். உங்களுக்கு ஒதுக்கின கதைக்கு மேல ட்ரீட்னு யாராவது சும்மா ஆசைப்பட்டு இன்னொண்ணு எழுதி வச்சிருப்பாங்க, ஆயிரம் வார்த்தை வராத குட்டிக் கதைக்கெல்லாம் மேட்னெஸ்னு தனி கலெக்ஷனே இருக்கு. ரெண்டாவது வருஷம் லெட்டர ஒழுங்கா எழுதினேன், எனக்கு ரெண்டு ட்ரீட்!! ஒரு ட்ரீட்ல என் லெட்டர்ல போகிறபோக்குல சொன்ன ஒரு ரசம் விஷயத்த எடுத்து, ரசம்னா என்னன்னே தெரியாத ஒரு ஆளு, அதை அந்த கப்பல் சமையக்காரன் கைல குடுத்திருந்தாங்க. புளி அளவு தப்பு தான். நான் ஒண்ணும் சொல்லல.

இதெல்லாம் நடக்கற எடமான ஏஓ3 பத்தியும் ரெண்டு வார்த்தை. 2007-ல ஆரம்பிச்ச ஓடிடபிள்யூங்கற லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துது, சைட்டு 2009 நவம்பர்ல எல்லாருக்கும் தெறந்தாங்க, யூல்டைட்டும் அந்த வருஷமே அங்க குடி வந்துடுச்சு. விளம்பரம் கிடையாது, நன்கொடைல ஓடுது, வேலை பாக்கறவங்க தன்னார்வலர்கள். பத்து டாலர் குடுத்து மெம்பர் ஆனா போர்டு எலெக்ஷன்ல ஓட்டே போடலாம். 2019-ல அறிவியல் புனைகதை உலகத்தோட பெரிய விருதான ஹ்யூகோ கூட வாங்குச்சு, அன்னிக்கு ஏதோ நானே மேடை ஏறின மாதிரி ஆபீஸ் முழுக்க சொல்லிட்டு திரிஞ்சேன், ஒருத்தருக்கும் புரியல. அக்கவுன்ட் வேணும்னா ஈமெயில் குடுத்து க்யூல நின்னு இன்விடேஷன் வரணும், அதனால சைன்-அப் அன்னிக்குப் போய் தேடாம முன்னாடியே போட்டு வைங்க. அங்க காசு பேச்சே கூடாது, கதைக்குக் கீழ டிப்ஸ் லிங்க் கூட போடக்கூடாது. வீட்டுக்காரர் கேள்விக்கு இதான் முழு பதில்.

குறைன்னு பாத்தா ரூல் பக்கம் ரொம்ப நீளம், அதுல பாதி சுருக்கெழுத்து, புதுசா வர்றவங்களுக்கு இன்கம்டாக்ஸ் ஃபார்ம் மாதிரி இருக்கும். நேரமெல்லாம் யூடிசி (உலகப் பொது நேரம்), நாம அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும். கதைங்க பெரும்பாலும் இங்கிலீஷ்ல தான், தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதற நமக்கு ஆயிரம் வார்த்தைங்கறது அவங்க ஆயிரம் கிடையாது. அப்புறம் இன்னொண்ணு, இதை யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க: கிஃப்ட்ங்கறதால எல்லாரும் பாராட்டத் தான் செய்வாங்க. சீர்ல வந்த சேலைய யாராவது கலர் நல்லால்லன்னு சொல்லுவாங்களா? எழுத்து வளரணும்னு வந்தீங்கன்னா அந்த கமென்ட்ட நம்பாதீங்க, போஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே ஒரு நல்ல பீட்டா ரீடர (முன்னாடியே படிச்சு குறை சொல்றவங்க) பிடிங்க. என் ஆடு கதையோட முதல் வெர்ஷன படிச்ச பீட்டா "நடுவுல ரெண்டு பக்கம் கப்பல் கயிறு பத்தியே இருக்கு, உனக்கே போரடிக்கல?"ன்னாங்க. வலிச்சுது. தூக்கிட்டேன்.

குடோஸ் (ஏஓ3-ல லைக் மாதிரி) எண்ணிப் பாக்கறவங்களுக்கும் இது சரியா வராது. ஒம்பது கதை இருக்கற ஃபேண்டத்துல எத்தனை பேர் படிச்சிடப் போறாங்க, என் ஆடு கதைக்கு மொத்தம் பதினேழு குடோஸ். ஆனா வாங்கினவங்க போட்ட கமென்ட்டு கிட்டத்தட்ட கதையில பாதி நீளம், ஆட்டுக்கு நான் வைக்காத பேரு ஒண்ண அவங்களே வச்சிருந்தாங்க. அஞ்சுக்கு நாலரை ஸ்டார், அரை அந்த ரூல் பக்கத்துக்காக.

இந்த வருஷ லெட்டர் பாதி எழுதியாச்சு. நாலு பக்கம் வந்துடுச்சு, முதல் தடவ எதுவுமே சொல்லாதவ இப்போ எல்லாத்தையும் சொல்றா. யாராவது படிச்சு எதை வெட்டலாம்னு சொன்னீங்கன்னா புண்ணியமா போகும், பதிலுக்கு உங்க கதைக்கு நான் பீட்டா பாக்கறேன். கயிறு பத்தி மட்டும் கேக்காதீங்க.