ஈயமா, பிஸ்பீனால் ஏ-வா: மக்கள் உடலில் முதலில் எதை அளப்பது?

நிதி ஒன்றுக்கே போதும் என்னும் நிலையில் சுகாதாரத் துறையினர் தடுமாறுவது இயல்பே. நச்சு உலோகமான ஈயம், உணவுக்கலன் பிளாஸ்டிக்குகளில் பயன்படும் வேதிப்பொருளான பிஸ்பீனால் ஏ ஆகிய இரண்டையும் ஒரே அளவுகோல்களில் வைத்துப் பார்ப்போம்.

மாதிரி: ஈயத்துக்கு இரத்தம் வேண்டும், குழந்தைகளிடம் அதை எடுப்பது எளிதன்று. பிஸ்பீனாலுக்குச் சிறுநீர் போதும்.

தங்கும் காலம்: இரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், எலும்பிலோ அது பல்லாண்டுகள் தங்கும். பிஸ்பீனால் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடுவதால், ஒரேயொரு மாதிரி ஒருவரது வழக்கமான அளவைக் காட்டாது.

பிழை: விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தால், அங்கே ஒட்டிய தூசியே ஈய அளவை உயர்த்திக் காட்டும் என்பதால், சிரை இரத்தத்தில் அதை உறுதிசெய்ய வேண்டும். பிஸ்பீனால் ஏ கொண்டே செய்யப்படும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கலனில் சேகரித்தால் பிஸ்பீனால் மாதிரி கெடும்.

பயன்: இங்கேதான் ஈயம் தெளிவாக முந்துகிறது. அமெரிக்காவில் 1976 முதல் 1980 வரை நடந்த தேசிய உடல்நல ஆய்வில், பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய, மக்களின் சராசரி இரத்த ஈயமும் டெசிலிட்டருக்கு 14.6 மைக்ரோகிராமிலிருந்து 9.2-க்கு இறங்கியது தெரியவந்தது. ஈயத்தைப் பெட்ரோலிலிருந்து நீக்குவதற்கு அது வலுவான சான்றாயிற்று. இன்று அங்கே டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காட்டும் குழந்தையின் வீட்டில், பழைய வண்ணப்பூச்சா, குடிநீர்க் குழாயா என்று மூலத்தைத் தேட முடிகிறது.

ஆகவே, குழந்தைகளை உடனே காக்க வேண்டுமெனில் ஈயம். உணவுக்கலன் விதிகள் மாறியபின் மக்கள்தொகை முழுவதன் போக்கை அறிய வேண்டுமெனில் பிஸ்பீனால் ஏ. அதற்கு மாற்றாகப் புகுந்துள்ள பிஸ்பீனால் எஸ்-ஐயும் உடன் அளக்க வேண்டும்.