கோயில் கொடை மேடையில் பேஸ் கேட்க ஒரு மானிட்டர்: சில வருட அனுபவம்

நம் பக்கத்து மெல்லிசைக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் எல்லோருக்கும் கேட்கும், வாசிக்கிற ஆளைத் தவிர. கீழே உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சு அதிரும். மேடையில் நமக்கு 'கும்' என்று ஒரு முழக்கம்தான் வரும், அதற்குள் எந்த ஸ்வரம் போகிறது என்று பிடிபடாது. மைக்செட் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னால், "வெளிய அருமையா இருக்குல்லா தம்பி, பெறவு என்ன?" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. வெளியே அருமையாகத்தான் இருக்கும்.

இதற்காகவே சொந்தமாக ஒரு மானிட்டர் வாங்கினேன், அதாவது மேடையில் வாசிப்பவர் தன் வாசிப்பைத் தானே கேட்க வைத்துக்கொள்ளும் ஸ்பீக்கர் பெட்டி. கொடைக் கச்சேரி, கல்யாண வரவேற்பு, கிறிஸ்துமஸ் நேரத்துப் பாடல் ஆராதனை என்று நான்குநேரியிலிருந்து சுரண்டை வரை அது என்னோடு வேனில் வருகிறது. யமஹா டிபிஆர்-12. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது, எடை 15.8 கிலோ. புதிதல்ல, கைமாறி வந்தது. பேஸுக்கு மானிட்டர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 'கீழே எவ்வளவு இறங்கும்' என்று மட்டும் கேட்கிறார்கள். நானும் கடையில் அதைத்தான் கேட்டேன். இத்தனை மேடைகளுக்குப் பிறகு என் கணக்கு வேறு.

பேஸின் ஈ கம்பியை விரல் அழுத்தாமல் திறந்தபடி மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலியலை ஒன்றின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். மேடைக்கு இருபுறமும் அடுக்கியிருக்கும் பெட்டிகள் முன்னால் பார்த்தபடி நின்றாலும் இவ்வளவு நீள அலையை முன்பக்கம் மட்டும் அனுப்ப அவற்றால் முடியாது. அது பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் வரும். உச்ச ஒலிகள் அப்படியில்லை, முன்னால் நேராகப் போய்விடும். ஆக, விரல் கம்பியில் படுகிற அந்த 'டக்' சனத்துக்குப் போய்விடுகிறது, மேடைக்கு அடிமுழக்கம் மட்டும் மிஞ்சுகிறது. நமக்கு ஏற்கெனவே கீழ் ஒலி நிறையக் கிடைக்கிறது. கிடைக்காதது நடு ஒலி, ஏறக்குறைய 400 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை. ஸ்வரம் எது, தாளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்பதையெல்லாம் காதுக்குச் சொல்வது அந்தப் பகுதிதான். மானிட்டர் அதைக் கொடுத்தால் போதும்.

டிபிஆர்-12 கீழே 52 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று யமஹா சொல்கிறது, அதுவும் பத்து டெசிபல் குறைந்த நிலையில். அப்படியானால் 41 ஹெர்ட்ஸ் இதில் சரியாக வரவே வராது. அது தொல்லையா என்றால், இல்லை. ஈ கம்பியை மீட்டும்போது 82, 124, 165 என்று அடுக்கடுக்காக மேல் ஒலிகளும் கூடவே எழும். அவை தெளிவாகக் கேட்டால் அடி ஒலியைக் காதே நிரப்பிக்கொள்ளும். போதாததற்குப் பெரிய பெட்டிகள் பின்பக்கமாகத் தருகிற முழக்கம் வேறு இருக்கிறது. பதினைந்து அங்குலம் வாங்கியிருக்கலாமே என்று பல பேர் கேட்டார்கள். அதே வரிசையில் டிபிஆர்-15 இறங்குவது 49 ஹெர்ட்ஸ் வரை, எடை 19.3 கிலோ. அந்த மூன்று ஹெர்ட்ஸுக்காக மூன்றரைக் கிலோ கூடுதலாகத் தூக்க எனக்கு மனசில்லை. ஐந்து கம்பி பேஸ் என்றாலும் இதே பதில்தான். அதன் பி கம்பி 31 ஹெர்ட்ஸ், இரண்டு பெட்டியும் அங்கே எட்டாது.

பின்பக்கம் இரண்டு சுவிட்ச் முக்கியம். ஹெச்பிஎஃப் என்று இருப்பதை அணைத்தே வையுங்கள். அது 100 அல்லது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும், பாட்டுக்காரர்களுக்கு ஆகும், நமக்கு ஆகாது. டி-கான்டூர் என்பதை மானிட்டர் நிலையில் வையுங்கள். பெட்டியைத் தரையில் படுக்க வைத்தால் தரையே கீழ் ஒலியைக் கூட்டிவிடும், அந்த வீக்கத்தை இது குறைக்கும். ஊர்க் கொடைகளில் இரும்பு டிரம் அடுக்கிப் பலகை போட்ட மேடைதான் அதிகம். உள்ளே வெற்றிடம், ஆகவே மேடையே ஒரு பெரிய மேளம். அதற்கு சுவிட்ச் மட்டும் பத்தாது. நான் ஒரு பிளாஸ்டிக் சோடாப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே ரப்பர் பாய் விரித்து, அதன்மேல் மானிட்டரைச் சாய்த்து வைக்கிறேன். பலகைக்கு அதிர்வு இறங்குவது நன்றாகக் குறைகிறது, உச்ச ஒலி வரும் ஹார்னும் காதைப் பார்த்து நிற்கிறது. அப்புறம், பக்கத்தில் வையுங்கள். இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு இழுத்தால் ஆறு டெசிபல் சும்மா கிடைக்கும். வால்யூம் திருகைத் தொட வேண்டாம்.

இணைப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான் தீர்ந்தது. பேஸ் முதலில் டிஐ பாக்ஸுக்குப் போகிறது, கிட்டார் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றி இரண்டு வழியாகப் பிரித்துத் தரும் சின்னப் பெட்டி அது. அதிலிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் போடும் அதே கேபிள்) மிக்ஸருக்கு. டிஐ பாக்ஸின் இன்னொரு வழியிலிருந்து என் ப்ரீஆம்ப் பெடலுக்கு, அங்கிருந்து மானிட்டரின் முதல் சேனலுக்கு. இப்படிச் செய்தால் எனக்காக நான் கீழே வெட்டி நடுவே ஏற்றுவது வெளியே போகாது, அண்ணாச்சியும் கோபப்பட மாட்டார். கீழ், நடு, உச்ச ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்யூ திருகு மானிட்டரில் கிடையாது, ஆகவே பெடல் வேண்டும். இரண்டாவது சேனலுக்கு மிக்ஸரின் ஆக்ஸிலிருந்து (வேண்டியதை மட்டும் தனியே கலந்து அனுப்பும் வழி) ஒரு கேபிள் வாங்கிக்கொள்வேன்: கிக் டிரம், ரிதம் பேட், கொஞ்சம் பாடகர் குரல், அவ்வளவுதான். அந்த ஆக்ஸ் ப்ரீ-ஃபேடராக, அதாவது வெளிச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்னாலேயே பிரிவதாக, இருக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அவர் வெளியே ஏற்றி இறக்கும்போதெல்லாம் நம் மானிட்டரும் கூடவே ஆடும். சீரியல் லைட்டும் சவுண்டும் ஒரே ஜெனரேட்டரில் ஓடும் ஊர்களில் 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் வரும். பல நேரம் டிஐ பாக்ஸில் கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினாலே போய்விடும்.

இடத்துக்கு இடம் இது வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஆடி மாதம் வள்ளியூர், பணகுடிப் பக்கம் திறந்த மைதானத்தில் மேடை போட்டால், சுற்றிலும் சுவர் இல்லாததால் கீழ் ஒலி எங்கும் தங்காது. காற்றோ காற்று. அங்கே மட்டும் டி-கான்டூரை அணைத்துவிட்டுக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்வேன். பாளையங்கோட்டையில் கூரை உயர்ந்த பழைய தேவாலயங்களில் நேர் எதிர், ஒரு ஸ்வரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து மேலே விழும். அங்கே மானிட்டரை மிகக் குறைவாக, காலடியிலேயே வைத்து வாசிப்பதுதான் நல்லது. தகரக் கூரை மண்டபங்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது உத்தமம்.

இயர்போன் மானிட்டரும் என்னிடம் இருக்கிறது: ஷூர் எஸ்இ215, அதோடு இரண்டு சின்ன பேட்டரியில் ஓடும் பெஹ்ரிங்கர் பி2 என்ற இயர்போன் ஆம்ப். தேவாலயத்தில் இது ரொம்ப வசதி, ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாகக் கேட்கும், மேடைச் சத்தமும் குறையும். ஆனால் காதில் இறுக்கமாக உட்காராவிட்டால் முதலில் காணாமல் போவது பேஸ்தான். சித்திரை வெயிலில் வியர்த்து வழியும்போது அது இறுக்கமாக உட்காராது. கொடையில் இன்னொரு சிக்கல். கீழேயிருந்து துண்டுச் சீட்டு வரும், வரிசை மாறும், பாடகர் திரும்பி, "அண்ணே, அரைக் கட்டை எறக்கிருங்க" என்பார். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நின்றால் நாம் மட்டும் பழைய கட்டையில் போய்க்கொண்டிருப்போம். ஒரு காதில் மட்டும் மாட்டுவது சிலருடைய வழக்கம். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒற்றைக் காதுக்குப் போதவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். 100 டெசிபலில் 15 நிமிடம்தான் பாதுகாப்பு என்பது அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் அமைப்பு சொல்லும் அளவு. நம் கச்சேரி ஒன்று எத்தனை மணி நேரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேஸ் ஆம்ப் வாங்கலாமா என்றால், வீட்டுக்கும் ஒத்திகைக்கும் நல்லதுதான். சிறிய மேடையில் அதன் சத்தம் பாடகர் மைக்கெல்லாம் ஏறி வெளி ஒலியைக் குழப்பிவிடும், மற்றவர் குரலும் அதில் வராது. எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டே போட்டுக்கொண்டு போகும். குரலும் கூடவே கேட்டால்தான் அதை வாசிக்க முடியும்.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. உவரி, இடிந்தகரை என்று கடலோர ஊர்களுக்குப் போய் வந்தால் முன்வலையையும் பின்பக்க சாக்கெட்டுகளையும் உலர்ந்த துணியால் துடைத்து வைக்கிறேன், உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. ஜெனரேட்டர் மாற்றும்போது மானிட்டரை முதலில் அணைத்து, கடைசியில் போடுகிறேன். மழை பெய்த மறுநாள் ஈசல் வரும், அதற்கு ஒரு பழைய வேட்டி.

பழைய மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் உங்கள் பேஸையும் பெடலையும் கொண்டுபோங்கள். ஈ கம்பியை விரல் அழுத்தாமல் பலமாக மீட்டிப் பாருங்கள். கூம்பிலோ வலையிலோ கரகரப்பு இருந்தால் அப்போதே தெரியும். பிறகு கம்பி கம்பியாக ஒவ்வொரு கட்டமாக மேலே ஏறிப் போங்கள். ஏதாவது ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கியோ அமுங்கியோ வந்தால், பெட்டியை அறையில் வேறு இடத்துக்கு நகர்த்தி இன்னொரு தடவை கேளுங்கள், பல நேரம் அது அறையின் வேலை. இரண்டு சேனல், இன்னொரு பெட்டிக்கு ஒலி அனுப்பும் லிங்க் அவுட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.