மாலகாவில் அறை, மற்றதெல்லாம் பகல் பயணம்: கோஸ்டா டெல் சோலில் பல பருவங்களின் பயண அனுபவம்

தெற்கு ஸ்பெயினின் கடற்கரைப் பகுதியான கோஸ்டா டெல் சோலுக்குத் திட்டம் போடுகிறவர்களில் பாதிப் பேர் நீச்சல்குளப் படத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்கிறார்கள். ஒரே இடத்தில் படுத்துக் கிடக்கப் போகிறீர்கள் என்றால் சரி. தினமும் ஓர் ஊர் பார்க்க வேண்டும் என்றால் அறை மாலகா நகரத்துக்குள்தான் இருக்க வேண்டும். கிரனாடா, நெர்ஹா, கமினிட்டோ டெல் ரே என்ற மலைநடைபாதை எல்லாவற்றுக்கும் வண்டி கிளம்புவது மரியா சம்ப்ரானோ ரயில் நிலையத்திலிருந்தோ, அதை ஒட்டிய பேருந்து நிலையத்திலிருந்தோதான். கரையில் மேற்கே உள்ள மார்பெயாவில் தங்கினால் ரோண்டா என்ற மலை ஊர் மட்டும் கிட்டே. மற்ற எல்லாவற்றுக்கும் காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகும். மார்பெயாவுக்கு ரயிலே கிடையாது என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது.

நகரத்துக்குள்ளும் இடம் பார்த்துப் போட வேண்டும். பழைய நகரத்தின் சந்துகளில் கார் வராது, ஆனால் சாப்பாட்டு மேசைகள் வரும். தெருப்பக்க ஜன்னல் உள்ள அறையில் நள்ளிரவு தாண்டியும் தட்டுச் சத்தம் ஓயாது. உள்முற்றம் பார்த்த அறை கேளுங்கள், அல்லது அலமேடா சாலைக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் தேடுங்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு 15 நிமிடத்தில் இரண்டு பக்கமும் போய்விடலாம்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு சி-1 புறநகர் ரயில், பன்னிரண்டு நிமிடம் போல. டாக்சி தேவையே இல்லை. பழைய நகரத்துக்குப் போகிறவர்கள் மரியா சம்ப்ரானோவில் எல்லோரும் இறங்குவதைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். இன்னும் ஒரு நிலையம் இருக்கிறது, சென்ட்ரோ அலமேடா. கடைசி நிலையம், பழைய நகரத்துக்கு அதுதான் பக்கம். வெளியேறும் கதவிலும் டிக்கெட்டைக் காட்ட வேண்டும் என்பதால் உள்ளே போனதும் கசக்கிப் போட்டுவிடக் கூடாது.

இதே சி-1 தான் மேற்குக் கரையின் முதுகெலும்பு. 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி, ஃபுவென்ஹிரோலா வரை முக்கால் மணி நேரம். தடத்தின் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டி வந்து சேரும்வரை நிலையத்தில் காத்திருந்துதான் நகர முடியும். அதனால் ஒரு வண்டி தாமதமானால் அடுத்தடுத்த வண்டிகளும் தாமதமாகும். இந்த வண்டியை நம்பி விமானத்துக்குப் போகும்போது ஒரு வண்டி முன்னதாகவே ஏறுங்கள்.

கடற்கரை ஊர்ப் பெயர் வைத்த நிலையமெல்லாம் கடற்கரையில் இல்லை. பெனால்மதேனாவுக்கான நிலையம் அரோயோ டி லா மியெல் என்ற மேட்டுப் பகுதியில் இருக்கிறது. கடலுக்கு இறங்க 20 நிமிடம். திரும்பும்போது அதே தூரம் ஏற்றம், அதுவும் மாலை நான்கு மணி வெயிலில். தொர்ரெமோலினோஸிலும் நிலையம் மேலே, மணல் கீழே. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு கர்வஹால் நிலையம்தான் சரி. இறங்கி சாலையைக் கடந்தால் கடல். கூட்டமும் கொஞ்சம் குறைவு.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரப் படத்தில் பொன்னிறமாகத் தெரிவது நேரில் சாம்பல் நிறம். கரிய மணல் சூட்டை இழுத்து வைத்துக்கொள்ளும். ஜூலையில் மதியம் செருப்பில்லாமல் தண்ணீர்வரை ஓடத்தான் முடியும், நடக்க முடியாது.

இந்தக் கரையில் பயணத் திட்டம் பிசகுவது மழையால் அல்ல, காற்றால். கோடையில் மழை ஏறக்குறைய இல்லை. காற்று மட்டும் மூன்று விதமாக வரும். கிழக்கிலிருந்து வருவது லெவாந்தே, நம் கொண்டல் மாதிரி. ஈரம், அலை, மங்கலான வானம். ஆனால் கடல் நீர் இதமாக இருக்கும். மேற்கிலிருந்து பொனியெந்தே. வானம் துல்லியமாகும், தண்ணீர் குளிரும். மூன்றாவது தெர்ரால். உள்நாட்டில் வடமேற்கிலிருந்து வந்து மலைகளைத் தாண்டி இறங்கும் காற்று. இறங்க இறங்கச் சூடேறி உலர்ந்து மாலகா நகரத்தில் அனல் கொட்டும். வழக்கமாக 30, 31 டிகிரியில் நிற்கும் ஆகஸ்ட் மதியம் அன்றைக்கு 40ஐத் தொடும். கடற்காற்று உள்ளே வர முடியாமல் போவதுதான் காரணம். சென்னையில் மே மாதத்து மேல்காற்று நாட்களை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெப்பம் தாங்காமல் கடலுக்கு ஓடினால் அங்கே அடுத்த அதிர்ச்சி. நிலக்காற்று மேல்பரப்பின் வெதுவெதுப்பான நீரை வெளியே தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக் நீர் நுழையும் இடம் இது. பலேரிக் தீவுகளில் 26 டிகிரியில் இருக்கும் ஆகஸ்ட் கடல் இங்கே 22, 23 தான். தெர்ரால் நாளில் 18க்கும் இறங்கும். வெளியே 40, உள்ளே 18. முழங்காலோடு நின்றுவிடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே தேதி போட்டு எல்லா நாளையும் பூட்டிவிடாதீர்கள். முன்பதிவு இல்லாமல் முடியாத இரண்டை மட்டும் முதலிலேயே பிடியுங்கள். மற்ற நாட்களை ஸ்பெயின் வானிலைத் துறையான ஆஎமெட்டின் காற்றுக் கணிப்பை முந்தின இரவு பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். லெவாந்தே பலமாக அடித்தால் உள்நாட்டுக்குப் போங்கள்: ரோண்டா, அல்லது அந்தெக்கெராவின் கற்கால டால்மென்கள் (கல்திட்டைகள்). தெர்ரால் அடித்தால் பிக்காசோ அருங்காட்சியகம், கதீட்ரல், அல்லது நெர்ஹா குகை. காற்று அடங்கிய நாள் கடலுக்கு.

அந்த இரண்டில் முதலாவது கமினிட்டோ டெல் ரே. பாறைச் சுவரில் ஒட்டிய பலகை நடைபாதை, 2015இல் மறுபடி திறந்தது. மொத்த நடை 7.7 கி.மீ., அதில் பலகைப் பாதை 2.9 கி.மீ. திங்கட்கிழமை விடுமுறை. 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. டிக்கெட் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துபோகும். காற்று பலமாக இருந்தால் அன்றைக்கு மூடியும் விடுவார்கள். வழியில் கழிப்பறை இல்லை, தண்ணீரை நீங்களே சுமக்க வேண்டும்.

நேரக் கணக்கில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். பாதை ஒருவழி: வடக்கே அர்தாலெஸ் பக்கம் நுழைந்து தெற்கே எல் சொர்ரோவில் முடியும். ஆனால் ரயில் உங்களை இறக்கிவிடுவது எல் சொர்ரோவில், அதாவது முடிவில். அங்கிருந்து இணைப்புப் பேருந்தில் வடக்கே போக 20, 25 நிமிடம். இறங்கியதும் ஒரு சுரங்க வழியாக 1.5 கி.மீ. நடந்தால்தான் நுழைவுச் சாவடி. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக அங்கே நிற்க வேண்டும், ஹெல்மெட் வாங்க, விதிகளைக் கேட்க. பின்னோக்கிக் கூட்டிப் பாருங்கள். 12 மணி டிக்கெட் என்றால் 11:30க்குச் சாவடி, 11 மணிக்குப் பேருந்திலிருந்து இறங்க வேண்டும், 10:15க்கு எல் சொர்ரோவில் இருக்க வேண்டும். மாலகாவிலிருந்து எல் சொர்ரோவுக்கு நாளுக்கு மிகச் சில வண்டிகள்தான். எனவே முதலில் ரயில் நேரத்தைப் பார்த்து, அதற்கேற்ற நுழைவு நேரத்தை வாங்குங்கள். தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் கடைசியில் டாக்சிக்கு அழுகிறார்கள்.

இரண்டாவது கிரனாடாவின் அலாம்பிரா, மலைமேல் இருக்கும் அரண்மனைக் கோட்டை. பேருந்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். டிக்கெட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும், அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும். நஸ்ரித் அரண்மனைகளுக்கு நுழையும் நேரம் தனியாக அச்சிட்டிருக்கும். அதைத் தவறவிட்டால் தோட்டத்தைப் பார்க்கலாம், கோட்டையைப் பார்க்கலாம், எதற்காக வந்தீர்களோ அதைப் பார்க்க முடியாது. கிரனாடா பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. நகரப் பேருந்தில் மையத்துக்கு வந்து, அங்கிருந்து சி-30 அல்லது சி-32 சிறு பேருந்தில் மலையேற வேண்டும். பிரதான வாயிலிலிருந்து நஸ்ரித் வாசல் வரை இன்னும் 15 நிமிட நடை. கிரனாடாவில் இறங்கும் நேரத்துக்கும் நஸ்ரித் நேரத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

நெர்ஹாவுக்கு ரயில் இல்லை. பேருந்துகளில் இரண்டு வகை. நெடுஞ்சாலையில் போவது ஒரு மணி நேரம், கரையோர ஊர்களில் நின்று நின்று போவது ஒன்றரைக்கும் மேல். டிக்கெட் வாங்கும்போது பயண நேரத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். குகை 1959இல் ஐந்து சிறுவர்கள் கண்டுபிடித்தது. ஊருக்குக் கிழக்கே மாரோவில் இருக்கிறது, நடந்து போகிற தூரமில்லை. முதலில் குகை, பிறகு ஊர், கடைசியில் புர்ரியானா கடற்கரை என்று வைத்துக்கொண்டால் ஏற்ற இறக்கம் குறையும். மேலே ஃப்ரிஹிலியானாவில் இன்னும் கரும்புப் பாகு காய்ச்சுகிறார்கள். இந்தப் பக்கத்து உணவகங்களில் கத்தரிக்காயை வறுத்து அந்தப் பாகை ஊற்றித் தருவார்கள். முதல் வாய்க்கு விசித்திரம், மூன்றாவது வாய்க்குள் தட்டு காலியாகும்.

ரோண்டாவுக்கு மட்டும் கார் எடுப்பது பயன் தரும். சான் பெத்ரோவிலிருந்து ஏறும் ஏ-397 முழுக்க வளைவு. வாந்தி வருகிறவர்கள் அர்தாலெஸ் வழியாகப் போவது நல்லது. கரையோரத்தில் ஏ-7 இலவசம், ஏ.பி-7 கட்டணச் சாலை. கோடையில் கட்டணம் கூடும். வாடகைக் கார் எடுக்கும்போது ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், முன்பணம் அதில் முடக்கப்படும். எரிபொருள் ‘நிரப்பி வாங்கி, நிரப்பித் திருப்புவது’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மிகக் குறைந்த வாடகை காட்டும் இடங்களில் இந்த இரண்டிலும்தான் காசைத் திரும்பப் பிடிக்கிறார்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

சாப்பாட்டில் மத்தியை மூங்கில் போன்ற நாணல் குச்சியில் கோர்த்து, மணல் நிரப்பிய பழைய படகில் விறகு மூட்டிச் சுடும் எஸ்பெத்தோவைத் தவறவிடக் கூடாது. மே முதல் ஆகஸ்ட் வரை மத்தியில் கொழுப்பு ஏறியிருக்கும். 11ஆம் எண் பேருந்தில் பெத்ரெகலெஹோ போனால் வரிசையாகச் சாப்பிடலாம். சைவர்களுக்கு எச்சரிக்கை: சல்மொரெஹோ என்ற தக்காளிக் கூழின் மேல் பன்றித்தொடை இறைச்சியைத் தூவுவார்கள், ‘கலந்த சாலட்’டில் சூரை மீன் இருக்கும். பாதாமும் பூண்டும் அரைத்த அஹோபிளாங்கோ பாதுகாப்பு. மாலை 5 மணிக்குப் பசித்தால் சமையலறைகள் மூடியிருக்கும். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல்தான்.

காலம் என்று கேட்டால் செப்டம்பர் கடைசி. கடலில் கோடையின் வெதுவெதுப்பு தங்கியிருக்கும், அறை வாடகை இறங்கியிருக்கும். ஆகஸ்ட் நடுவில் மாலகா திருவிழா, அந்த வாரம் தவிர்க்கலாம். நவம்பரில் மழை.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒன்று. டாரிஃபாவிலிருந்து மொராக்கோவின் டான்ஜியருக்கு ஒரு மணி நேரக் கப்பல், ‘ஒரு நாளில் ஆப்பிரிக்கா’ என்று விற்பார்கள். மொராக்கோவுக்குத் தனி அனுமதி தேவை என்பது ஒரு பக்கம். கப்பல் ஏறிய நிமிடம் ஷெங்கன் பகுதியை (ஒரே விசாவில் போகும் ஐரோப்பிய நாடுகளை) விட்டு வெளியேறியதாகக் கணக்கு. விசா ஒட்டியில் நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தில் 01 என்றிருந்தால் மாலை திரும்பி வர முடியாது, மாலகா அறையில் பெட்டி இருக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட விசாவில் வந்தவர்கள் டாரிஃபா துறைமுகத்தில் நின்று, 14 கி.மீ. தள்ளித் தெரியும் ஆப்பிரிக்க மலைகளைப் பார்த்துவிட்டு வறுத்த மீன் சாப்பிட்டுத் திரும்பலாம்.