ஒரு வயதுப் பிள்ளையோடு ஹாங்காங் டிஸ்னிலாண்டா, சிங்கப்பூர் செந்தோசாவா?

மகளுக்கு ஒரு வயது முடிந்ததும் எங்கேயாவது போய்வருவோம் என்று யோசித்தபோது எங்கள் முன் இருந்தவை இரண்டு. ஒன்று ஹாங்காங் டிஸ்னிலாண்ட். மற்றது சிங்கப்பூர் செந்தோசாத் தீவில், யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவும் உள்ளடங்கிய ரிசோர்ட்ஸ் வேர்ல்ட். நாங்கள் செந்தோசாவுக்குப் போனோம். அக்கா குடும்பம் கிட்டத்தட்ட அதே வயதுப் பிள்ளையோடு ஹாங்காங் போய்வந்தது. ஆகவே சிங்கப்பூரைப் பற்றி நான் எழுதுவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த அனுபவம். ஹாங்காங்கைப் பற்றி எழுதுவது, கல்யாணத்துக்குப் பிறகு நானும் கணவரும் போனபோது பார்த்ததும் அக்கா விவரமாகச் சொன்னதும் சேர்ந்தது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

"ஒரு வயசுப் பிள்ளைக்கு என்ன விளங்கப்போகுது?" என்று மாமி கேட்டார். நியாயமான கேள்விதான். பிள்ளைக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஆனால் இந்த வயதில் போவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. இரண்டு வயது ஆகும்வரை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம்; பல விமான சேவைகளில் அதற்கான கட்டணம் பெரியவர் டிக்கெட்டில் பத்தில் ஒரு பங்களவுதான். டிஸ்னிலாண்டில் 3 வயதுக்குக் கீழும், யுனிவர்சல் ஸ்டூடியோஸில் 4 வயதுக்குக் கீழும் நுழைவு இலவசம். பள்ளிக்கூட லீவுக்காகக் காத்திருந்து ஓகஸ்டிலும் டிசம்பரிலும் சனத்தோடு முண்டியடிக்கவும் தேவையில்லை.

விசா விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா கேட்பதில்லை. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும், அதற்குக் காசும் இல்லை. ஹாங்காங்குக்கு விசா வேண்டும், கைப்பிள்ளைக்கும் தனியாக. ஆவணங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு நாலு வாரம் அளவில் ஆகும். கட்டுநாயக்கவிலிருந்து நேரடி விமானத்தில் சிங்கப்பூர் நாலு மணித்தியாலம் அளவில், ஹாங்காங் ஐந்தரை மணித்தியாலம் அளவில்.

பூங்காவை மட்டும் வைத்துப் பார்த்தால் ஹாங்காங் தெளிவாக வெல்கிறது. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒரு வயதுப் பிள்ளையின் உயரம் 75 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் சவாரிக்கு 102 சென்டிமீட்டர், மம்மி சவாரிக்கு 122, பெரிய ரோலர்கோஸ்டருக்கு 125 என்று வாசலிலேயே அளவுகோல் நிற்கிறது. 2025இல் மினியன் லாண்ட் திறந்த பிறகு சின்னவர்களுக்கு வேடிக்கை கூடியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பூங்காவின் உயிர் பெரியவர்களுக்கான சவாரிகளில்தான் இருக்கிறது. 2005இல் திறந்த ஹாங்காங் டிஸ்னிலாண்டில் கதை வேறு. படகில் இருத்தி மெதுவாகக் கொண்டுபோகும் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்', பறக்கும் யானை டம்போ, சுற்றும் குதிரைகள், தேநீர்க் கோப்பைகள், பூங்காவைச் சுற்றிவரும் ரயில், காட்டு ஆற்றுப் படகு என்று பிள்ளையை மடியிலோ பக்கத்திலோ வைத்துக்கொண்டு ஏறக்கூடியவை வரிசையாக இருக்கின்றன. பிரதான வீதியில் குழந்தைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. பால் கொடுக்க, பம்பர்ஸ் மாற்ற, சாப்பாடு சூடாக்க ஓடித்திரியத் தேவையில்லை. மற்ற டிஸ்னி பூங்காக்களோடு பார்க்கும்போது இது சின்னது. கைப்பிள்ளைக்காரருக்கு அது பெரிய வசதி.

பெற்றோர் ஏற விரும்பும் சவாரிகளுக்கு இரண்டு பூங்காக்களிலும் ஒரே வழிதான். ஒருவர் ஏறிவரும்வரை மற்றவர் பிள்ளையோடு காத்திருந்து, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளலாம்.

அப்படியானால் ஏன் செந்தோசா? மதிய நித்திரைக்காக.

கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் ஒரு வயதில் மதியம் நித்திரை கொள்ளாத பிள்ளையோடு பின்னேரம் எதையுமே பார்க்க முடியாது. பூங்காவில் நீங்கள் உண்மையில் இருக்கப்போவது ஒரு நாளைக்கு நாலு, ஐந்து மணித்தியாலம். மிச்ச நேரமெல்லாம் சாப்பாடு, நித்திரை, குளிப்பு, பயணம். அந்த மிச்ச நேரம் எங்கே நன்றாக நடக்கும் என்று பார்த்துத்தான் இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது என் கட்சி. படுக்கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அங்கே போய்ச்சேர எத்தனை தரம் பிள்ளையை இறக்கி ஏற்ற வேண்டும் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். சவாரிப் பட்டியல் பிறகு.

வெளிநாட்டுக்காரர் எழுதும் குறிப்புகளில் 'ஸ்ட்ரோலரிலேயே தூங்கிவிடும்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அவர்களுடைய பிள்ளைகள் பிறந்த நாள் முதல் ஸ்ட்ரோலரில் வளர்கிறவர்கள். நம்முடைய பிள்ளைகள் இடுப்பிலும் தோளிலும் வளர்கிறவர்கள். கொழும்பின் காலி வீதி நடைபாதையில் ஸ்ட்ரோலர் தள்ளிப்போவது நடக்கிற காரியமா? ஒரு பக்கம் பழ வண்டி, மறுபக்கம் மோட்டார் சைக்கிள், நடுவில் பெயர்ந்த கல். அதனால் பயணத்துக்கு முதல் சில வாரங்கள் பின்னேரங்களில் மகளை விகாரமகாதேவி பூங்காவுக்குக் கொண்டுபோய் ஸ்ட்ரோலரில் இருத்திப் பழக்கினோம். இருக்கப் பழகினாள். படுக்கப் பழகவில்லை. பட்டி போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்ப்பாள். கண் சொக்கினாலும் தலையைச் சாய்க்க மாட்டாள். உங்கள் பிள்ளை எந்த வகை என்று பூங்காவுக்குப் போன பிறகு கண்டுபிடிக்காதீர்கள். கொழும்பிலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். சிங்கப்பூரும் ஹாங்காங்கும் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் முந்தி. நாங்கள் மகளின் நேரத்தை மாற்றவே இல்லை. வீட்டில் காலை 6:30க்கு எழும்புகிறவள் அங்கே 9க்கு எழும்பினாள். மதியம் 12க்குக் கண்ணைக் கசக்குகிறவள் அங்கே 2:30க்குக் கசக்கினாள். இரவு நித்திரை அங்கே 10:30க்கு. இது எவ்வளவு வசதி என்று போன பிறகுதான் தெரிந்தது. காலைச் சாப்பாட்டை முடித்து வெளிக்கிட, பூங்கா திறக்கிற நேரம் சரியாக இருக்கும். இரண்டு மணிக்கு அறைக்குத் திரும்பினால் வெயிலின் உச்சமும், சிங்கப்பூரில் அடிக்கடி வருகிற பின்னேர இடிமழையும் நித்திரையில் கழிந்துவிடும். ஐந்து மணிக்குப் பிறகு இன்னொரு சுற்றுக்கு நேரம் தாராளம்.

ஹாங்காங்குக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சொல்லப்போனால் அங்கே ஒரு கூடுதல் நன்மை. கோட்டைக்கு முன்னால் நடக்கிற இரவுக் காட்சி பிள்ளைக்குப் பின்னேரம் ஆறு, ஆறரை மாதிரித்தான். மற்றப் பிள்ளைகள் தோளில் நித்திரையாகக் கிடக்க, அக்காவின் மகன் முழித்திருந்து கை தட்டினானாம்.

இரண்டு இடங்களும் பிரிவது படுக்கைக்குப் போகிற பாதையில். டிஸ்னிலாண்ட் வளாகத்துக்குள் மூன்று ஹோட்டல்கள் இருக்கின்றன. அவற்றில் எக்ஸ்ப்ளோரர்ஸ் லாட்ஜ் 2017இல் வந்தது. பூங்காவுக்குப் பஸ் ஓடுகிறது. அங்கே தங்கினால் நித்திரைப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் செலவு நன்றாகக் கூடும், வளாகத்தைவிட்டு வெளியே காலடி வைத்தால் ஊர் என்று ஒன்று பக்கத்தில் இல்லை. ஒரு தயிர்ச்சோற்றுக்கோ, பால்மா டின்னுக்கோ ரயில் ஏற வேண்டும். செலவைக் குறைக்க நகருக்குள் சிம் ஷா சுயிப் பகுதியில் தங்கினால், நம் சாப்பாட்டுக் கடைகள் கிடைக்கும்; ஆனால் பூங்காவுக்குப் போக சுவென் வான் பாதையில் ஏறி, லாய் கிங்கில் மாறி, சன்னி பேயில் மறுபடி மாறி, மிக்கி மவுஸ் வடிவ யன்னல் வைத்த கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். போகும்போது அது சந்தோஷமாகத்தான் இருக்கும். திரும்பும்போது அக்காவின் மகன் சன்னி பேயில் கண்ணயர்ந்தான், லாய் கிங்கில் ஏறி இறங்கும்போது எழும்பினான், அறைக்கு வந்து அழுதுகொண்டே இருந்தான். அன்றைக்குப் பின்னேரம் அவர்கள் எங்கேயும் போகவில்லை.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் ஊதாப் பாதை ரயிலில் ஏறினால் டோபி கோட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க் தாண்டி ஹார்பர்ஃப்ரண்ட். அவ்வளவுதான், அதுவரை மாறுவதே இல்லை. அங்கிருந்து லிஃப்டில் விவோசிட்டி கடைத்தொகுதிக்கு ஏறி, தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். முதல் நிறுத்தமே ரிசோர்ட்ஸ் வேர்ல்ட். பெரியவருக்கு 4 டொலர், கைப்பிள்ளைக்கு இல்லை, தீவிலிருந்து திரும்பிவரக் காசே இல்லை. ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் தடை, அபராதமும் உண்டு. ஆகவே ரஸ்க், பிஸ்கட் எல்லாவற்றையும் ஏறுவதற்கு முதலே கொடுத்துவிடுங்கள். நாங்கள் பெரும்பாலும் லிட்டில் இந்தியாவில் தங்கி, யுனிவர்சலுக்குப் போகிற நாளுக்கு மட்டும் தீவுக்குள் அறை எடுத்தோம். பூங்கா வாசலிலிருந்து கட்டிலுக்கு நடந்தே வந்துவிடலாம். அந்த ஒரு நாள் அறைக்குக் கொடுத்த காசு முழுப் பயணத்திலும் நன்றாகச் செலவான காசு. மதியம் வெளியே வருகிறவர்கள், அதே நாளில் திரும்ப நுழைவது எப்படி என்று வாசலில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

செந்தோசாவில் எங்கள் மகளுக்கு மிகப் பிடித்தது யுனிவர்சல் அல்ல, பக்கத்தில் இருக்கும் ஓஷனேரியம். முந்தி எஸ்.ஈ.ஏ. அக்வேரியமாக இருந்ததை மூன்று மடங்கு அளவுக்குப் பெருப்பித்து 2025 ஜூலையில் திறந்தார்கள். உள்ளே குளிர், அரை இருட்டு, ஸ்ட்ரோலருக்கு வழுவழுப்பான நிலம். 36 மீற்றர் அகலமும் 8 மீற்றருக்கு மேல் உயரமும் உள்ள அந்தப் பெரிய கண்ணாடிக்கு முன்னால் மகளை இறக்கிவிட்டேன். இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் வைத்து, நெற்றியையும் முட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பெரிய திருக்கை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு தலைக்கு மேலால் போக, அதைப் பின்தொடர்ந்து தலையை நிமிர்த்தி நிமிர்த்தி அப்படியே பின்பக்கமாக இருந்துவிட்டாள். அழவில்லை. எழும்பித் திரும்பவும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். எச்சில் படிந்த சின்னக் கை அடையாளங்கள் அந்த உயரத்தில் நிறைய இருந்தன. எங்களைப் போல எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். இந்த வயதுக்கு மீனும் வெளிச்சமும் போதும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யுனிவர்சலை விட்டுவிட்டு இதற்குப் போங்கள்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சிராங்கூன் ரோட்டில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸில் இட்லியைச் சாம்பாரில் குழைத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடு மாதிரித்தான். பால்மா, பம்பர்ஸ் எல்லாம் பக்கத்தில் முஸ்தபா கடையில் கிடைக்கும். கொழும்பிலிருந்து மூட்டை கட்ட வேண்டாம்.

கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொன்று: லிட்டில் இந்தியா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், புக்கிட் தீமா ரோட்டில், கே.கே. மகளிர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. இரவு பகலாக இயங்கும் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவு அங்கே உண்டு. எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் நடுச்சாமத்தில் காய்ச்சல் வந்தால் எங்கே போவது, எந்த மொழியில் சொல்வது என்ற பயம் இல்லாமல் படுப்பது தாய்க்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கைப்பிள்ளைக்காரருக்கு விளங்கும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கடுமையாக இருக்கும், ஆகவே பயணக் காப்புறுதியில் பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

விமான நேரத்திலும் கவனம் வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு புறப்பட்டு விடிய இறங்கும் விமானத்தில் பிள்ளை நித்திரை கொள்ளும் என்று பலர் அதையே எடுக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான ஹோட்டல்களில் பின்னேரம் 2, 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். அதுவரை சாங்கி விமான நிலையத்தில் ஜூவல் கடைத்தொகுதியின் 40 மீற்றர் நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்தான், காசும் இல்லை. ஆனால் முதல் நாளின் மதிய நித்திரை போய்விடும். பகல் விமானம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

காலநிலையில் ஹாங்காங்குக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் வருடம் முழுக்கக் கொழும்பு மாதிரியே வேர்க்கும். நவம்பர், டிசம்பரில் ஹாங்காங் இதமாக இருக்கும், வெளியில் நடக்கச் சுகம். ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் கொழும்புப் பிள்ளைக்குக் குளிரும். சீனப் புத்தாண்டுக் கூட்டமும் அப்போதுதான். சீனாவின் ஒக்டோபர் முதல் வார விடுமுறையையும் தவிர்க்க வேண்டும்.

அம்மம்மா, அம்மப்பா கூட வருகிறார்கள், வளாகத்துக்குள்ளேயே தங்கக் காசு இருக்கிறது, பிள்ளை ஸ்ட்ரோலரில் நன்றாகப் படுக்கும் என்றால் ஒரு வயதிலேயே ஹாங்காங் போகலாம். அக்கா அப்படித்தான் சொல்கிறார். எங்கள் கணக்கு வேறு. மகள் நன்றாக ஓடித்திரியத் தொடங்கிய பிறகு, ஆனால் 3 வயது முடிவதற்கு முதல், டிஸ்னிலாண்டில் அவளுக்கு டிக்கெட் தேவைப்படாத அந்த இடைவெளியில் ஒரு நவம்பரில் போக இருக்கிறோம். விமானத்தில் அப்போது அவளுக்கு முழு இருக்கை வாங்க வேண்டும், அது செலவுதான். உள்ளே இருக்கும் ஹோட்டலில்தான் தங்குவோம், விசா மூன்றும் கைக்கு வந்த பிறகே அதற்குக் காசு கட்டுவோம்.