டோ பார் மாட்டியிருந்தால் பந்தின் தலையைச் சுரண்டிப் பாருங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வரும் வழியில், கன்னியக்கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை. ஜீப் ஏறி இறங்கிவிட்டது. பின்னால் வந்த கேரவன் ஏறியதோடு சரி. டங்கென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் அதன் மூக்கு தார் ரோட்டில் உரசிக்கொண்டு, சங்கிலியில் தொங்கியபடி என் பின் பம்பரையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. வேகம் இருபதுக்குள்தான். பின்னால் பைக் எதுவும் ஒட்டி வரவில்லை. இந்த இரண்டிலும் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் நோணாங்குப்பம் பாலத்தில் ஐம்பதில் வந்துகொண்டிருந்தேன்.

கேரவன் என்றதும் ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நிற்கும் ஏசி வண்டியை நினைக்க வேண்டாம். இது ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கும் சின்னப் பெட்டி. ஒரே அச்சு, இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி. சாமான் ஏற்றினால் 700 கிலோ. மாமாவும் நானும் பாதிப் பாதி போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான் என்பதால் ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம். அதில் காட்டிய கவனத்தை டோ பாரில் காட்டவில்லை. டோ பார் என்றால் கேரவனைக் கட்டி இழுக்க ஜீப்பின் பின்னால் மாட்டும் இரும்புச் சட்டம். அதன் நுனியில் ஒரு பந்து இருக்கும். கேரவன் மூக்கில் இருக்கும் கப்பு, அதாவது கப்ளிங், அந்தப் பந்தின் மேல் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும்.

மாட்டியது புதுச்சேரியில், வண்டிக்கு பம்பர் கார்டு, கேரியர் எல்லாம் செய்து தரும் ஒரு பட்டறை. பெயரைப் போடவில்லை. புகார் போகப்போகிறது, அதனால் கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம். கடை பெரிது, வாசலில் நாலு வண்டி நின்றது, அதிலேயே நான் விழுந்துவிட்டேன். இப்போது யோசித்தால், அன்று பட்டறைக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "கறுப்பா, சில்வரா சார்?" டிரெய்லர் எவ்வளவு எடை, கப்ளிங் என்ன சைஸ், வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் கேட்டேன்.

"அண்ணே, எழுநூறு கிலோ வரும். தாங்குமா?"

"சார், யானையக் கட்டி இழுக்கலாம். சேஸிஸ்ல மாட்டுறோம்."

18,500 ரூபாய். மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "பின் கார்டு, வயரிங்" என்று எழுதிக் கொடுத்தார்கள். டோ பார் என்ற வார்த்தையே அதில் இல்லை. வீட்டுக்கு வந்துதான் அதைக் கவனித்தேன். சரி, அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

கழன்ற அன்று பக்கத்து டீக்கடைக்காரரும் ஒரு லாரி டிரைவரும் ஜாக்கி கொடுத்து உதவினார்கள். மறுநாள் அந்தப் பந்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு செம்மண்டலம் பக்கம் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். அவர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உப்புத்தாள் எடுத்து மேலே இருந்த கறுப்புப் பெயின்டைத் தேய்த்தார். அடியிலிருந்து எண்கள் தெரிந்தன. வெர்னியரை வைத்து அளந்தார். 47.6 மில்லிமீட்டர்.

"தம்பி, இது ஒண்ணே முக்காலே அரைக்கால் இஞ்சு. உன் கப்பு என்ன சைஸு?"

கேரவனின் கப்ளிங் மேலேயே 50 என்று பொறித்திருக்கிறது. இத்தனை நாள் அதை நான் பார்த்ததுமில்லை, பட்டறைக்காரர் பார்க்கவுமில்லை. அல்லது பார்த்தும், கையில் இருந்த பந்தை மாட்டி, எண் தெரியாமல் பெயின்ட் அடித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்த பெயின்ட் என்று அவர் சொல்லலாம். பந்துக்குப் பெயின்ட் அடிப்பதே வேண்டாத வேலை என்றார் லேத்காரர். கப்பு உரசிச் சுற்றும் இடம் அது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. உலகத்தில் புழங்கும் பந்துகளில் மூன்று சைஸ் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 50 மி.மீ. ஐரோப்பிய அளவு. 2 இஞ்ச், அதாவது 50.8, அமெரிக்க அளவு. அவர்களிடமே அதைவிடச் சின்னது இந்த 47.6. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. 50.8 பந்தில் 50 கப்பைப் போட்டால் சரியாக உட்காராது, பூட்டும் முழுதாக விழாது. அப்போதாவது சந்தேகம் வரும். சின்னப் பந்துதான் ஆபத்து. கப்பு சுகமாக உட்காரும், கைப்பிடி 'கிளிக்' என்று விழும், இழுத்துப் பார்த்தால் கழறாமல் கூடவே வரும். சமமான ரோட்டில் நூறு கிலோமீட்டர்கூடப் போகலாம். ஒரு வேகத்தடையில் மூக்கு மேலே எகிறும்போது, அந்த 2.4 மில்லிமீட்டர் இடைவெளியில் பந்து நழுவிவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

இதற்கு ஒரு சோதனை உண்டு, அதையும் லேத்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். மாட்டிய பிறகு டிரெய்லர் முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரத்தைச் சுற்றி மூக்கை மேலே தூக்குங்கள். ஜீப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். ஜீப் அசையாமல் கப்பு மட்டும் மேலே வந்தால் நீங்கள் எங்கும் கிளம்ப வேண்டாம்.

பந்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பம்பர் பிய்ந்ததால் உள்ளே எல்லாம் தெரிந்தது. சேஸிஸில் மாட்டியதாகச் சொன்ன பார், பம்பரைப் பிடிக்கும் தகட்டு பிராக்கெட்டில்தான் நான்கு போல்ட்டில் நின்றிருக்கிறது. எங்கள் ஜீப்பில் ஏணி மாதிரி இரண்டு தண்டவாளம் ஓடும் லேடர் சேஸிஸ். டோ பாரின் பக்கத் தகடுகள் அந்த இரண்டு தண்டவாளத்தின் பக்கவாட்டிலும் நீளமாகப் படிந்து, கம்பெனி விட்டிருக்கும் ஓட்டைகளில் போல்ட் ஏற வேண்டும். வெல்டிங் வைக்கக் கூடாது, சூட்டில் அந்த இடம் பலம் இழக்கும். தண்டவாளத்தின் மேல் கீழ் விளிம்பில் ஓட்டை போடவும் கூடாது, பாரத்தைத் தாங்குவதே அந்த விளிம்புதான். போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் இருக்க வேண்டும். என் நான்கு போல்ட்டும் மொட்டைத் தலை.

முறையாகச் செய்த பாரில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். அதில் டி மதிப்பு என்று ஒரு எண், அந்தப் பார் எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதைச் சொல்வது. கணக்கு சுலபம்: முழுப் பாரத்தோடு ஜீப்பின் எடையையும் டிரெய்லரின் எடையையும் டன்னில் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்க வேண்டும். ஜீப் 2.2, கேரவன் 0.7 என்றால் 5.2 கிலோநியூட்டன் வருகிறது. தகட்டில் உள்ள எண் அதைவிடக் குறையக் கூடாது. என்னுடையதில் தகடே இல்லை. கடையின் ஸ்டிக்கர் இருந்தது, போன் நம்பரோடு.

உயரமும் தப்பு. பந்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 35 முதல் 42 செ.மீ. வரை இருக்கலாம் என்பது ஐரோப்பிய அளவுகோல். ஜீப் உயரமான வண்டி, அதனால் இறக்கி மாட்ட வளைந்த தகடு தேவை. என்னுடையது 56 செ.மீ. கேரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, பாரம் பின்னால் சாய்ந்தது. போதாததற்குப் பட்டறையில் ஒரு யோசனை வேறு சொன்னார்கள்: "சாமான எல்லாம் பின்னாடி வைங்க சார், இழுக்க லேசா இருக்கும்." அப்படியே செய்தேன். லாரி முந்தும்போதெல்லாம் கேரவன் பாம்பு மாதிரி நெளிந்தது. ரோடு சரியில்லை என்று நினைத்தேன்.

மூக்கில் போதுமான பாரம் விழுகிறதா என்று பார்க்க, வீட்டில் எடை பார்க்கும் மிஷின் இருந்தால் போதும். அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, அதில் டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள். மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் காட்ட வேண்டும். எனக்கு 35-லிருந்து 49 கிலோ. காட்டியது 18. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, கனமான சாமானை அச்சுக்கு மேலே நகர்த்தியதும் 40 வந்தது. செலவு ஒரு பைசா இல்லை. நெளியும்போது பிரேக்கை அழுத்தவே கூடாது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். நான் பிரேக் பிடித்திருக்கிறேன், இரண்டு முறை.

வயரிங் பற்றி அதிகம் எழுத மனமில்லை. டெயில் லேம்ப் வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். ரிலே இல்லை, எர்த் சரியில்லை. இன்டிகேட்டர் போட்டால் பின் விளக்கு எல்லாம் சேர்ந்து கண் சிமிட்டியது. சங்கிலியை அந்தப் பாரிலேயே மாட்டியிருந்தார்கள். பார் போனால் சங்கிலியும் போகும். இரண்டு சங்கிலி, கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகப் போட்டு, சேஸிஸோடு நேராகச் சேரும் கொக்கியில் மாட்ட வேண்டும். குறுக்காகப் போட்டால் மூக்கு கழன்றாலும் தொட்டில் மாதிரி ஏந்திக்கொள்ளும்.

திரும்பப் போய்க் கேட்டேன். மாமாவும் வந்தார், அவர் கோபக்காரர், அதனால் வண்டியிலேயே உட்கார வைத்தேன். முதலில் "ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா போவணும் சார்" என்றார் பட்டறைக்காரர். பந்தின் எண்ணைக் காட்டியதும் "அது பையன் எடுத்து மாட்டிட்டான்" என்றார். பணத்தைக் கேட்டபோது துண்டுச் சீட்டைக் காட்டி, "நீங்க கார்டுக்குத்தான குடுத்தீங்க, டோ பாருக்கு இல்லியே" என்றார். அந்தச் சீட்டில் அந்த வார்த்தை ஏன் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பணம் கொடுக்கும்போதே வேலையின் பெயரையும், பந்தின் அளவையும், எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கேயே திரும்பி வந்துவிடலாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். கடை புதுச்சேரி, வீடு கடலூர், எங்கே புகார் போடுவது என்று குழப்பம் இருந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். போட்டோ, வெர்னியர் அளவு, நான்கு மொட்டைப் போல்ட், பந்து எல்லாம் ஒரு டப்பாவில் இருக்கின்றன.

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து போன். சமாதானம் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்தேன்.

"சார், அந்தப் பந்த மட்டும் குடுத்துடுங்க. இன்னொரு வண்டி நிக்குது."

கொடுக்கவில்லை. எந்த வண்டி, யாருடையது என்று கேட்டேன், வைத்துவிட்டார். புதுச்சேரியில் இந்த வாரம் டோ பார் மாட்டக் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பந்தின் தலையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.