சாம்பல் இழுக்கும் என்று சொல்லி விற்ற வேக்குவம் கிளீனர்: விறகடுப்பு, கரியடுப்பு வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

விறகடுப்பிலும் கரியடுப்பிலும் சமைத்து உணவகம் நடத்துகிறவர்கள், பேக்கரி வைத்திருப்பவர்கள், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர்கள் ஆகியோர் இந்தப் பதிவை முழுமையாகப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மதுரையில் உள்ள ஒரு கடையில், சாம்பல் அள்ளுவதற்கென்றே செய்யப்பட்டது என்ற உறுதிமொழியின் பேரில், 8,500 ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கிய வேக்குவம் கிளீனர் எங்கள் சமையற்கட்டிலேயே தீப்பற்றியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த இயந்திரம் சாம்பலுக்கானதே அல்ல என்று அதன் தயாரிப்பாளரே எழுதி வைத்திருந்ததும், அந்த எழுத்து இருந்த பெட்டியின் மேல் வேறு ஒரு ஸ்டிக்கரை ஒட்டி விற்றிருந்ததும் பிறகுதான் தெரியவந்தது.

எங்கள் உணவகம் இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் சாலையோரத்தில் இருக்கிறது. மீன் சுடுவதற்குக் கரியடுப்பும், பிரியாணிக்கு விறகடுப்பும் வைத்திருக்கிறோம். கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிமூட்டங்களிலிருந்து வரும் சீமைக்கருவேலங்கரிதான் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. நின்று எரிவதும் அதுவே. நாள்தோறும் சேரும் சாம்பலை முறத்தாலும் தகரத்தாலும் அள்ளுவதில் உள்ள சிரமம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். இருபுறமும் கடல் இருக்கும் இந்தத் துண்டு நிலத்தில், ஆடி மாதக் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் அடுப்பிலிருந்து அள்ளும் சாம்பலில் பாதி சாப்பாட்டு மேசைக்கே வந்து சேரும். எங்களிடம் நெடுங்காலமாகச் சமைக்கும் அக்காவுக்கு இளைப்பு உண்டு. "சாம்பல் அள்ளுற அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கமே இல்ல தம்பி" என்று அவர் சொன்ன பிறகுதான், இதற்கென்று ஏதேனும் இயந்திரம் உண்டா என்று தேட ஆரம்பித்தேன்.

கடையில் நான் கேட்டது தெளிவான கேள்வி. கரியடுப்புச் சாம்பல், அதில் துண்டுக் கரியும் கிடக்கும், இதை இழுக்க முடியுமா என்று கேட்டேன். "சாம்பல், மண்ணு, தண்ணி எல்லாத்தையும் இழுக்கும்ணே. ராத்திரி அணைச்ச அடுப்ப காலையில தாராளமா இழுக்கலாம்" என்று விற்பனையாளர் பதில் சொன்னார். பெட்டியின் முகப்பில், 'சாம்பல் மற்றும் அடுப்புக் கழிவுகளுக்கு ஏற்றது' என்று அச்சிட்ட ஸ்டிக்கர் இருந்தது. 1,400 வாட்ஸ் மோட்டார் என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இழுவை அதிகமென்றால் சாம்பலுக்கு நல்லது என்ற எண்ணத்தை அந்த எண் உண்டாக்குகிறது; உண்மையில் சாம்பலைப் பொறுத்தவரை வாட்ஸைவிட வடிகட்டியும் தொட்டியும் குழாயும் எதனால் செய்யப்பட்டவை என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

முதல் தடவை ஓட்டியபோதே, காற்று வெளியேறும் வாயிலிருந்து வெண்புகை போல நுண்சாம்பல் பீய்ச்சிக்கொண்டு வந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்கள் மேலெல்லாம் படிந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, வடிகட்டி புதிது, போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். அது சரியாகவில்லை. சில நாட்களிலேயே இழுவை குறைந்து, மோட்டாரின் சத்தம் மட்டும் கீச்சென்று உயர்ந்தது. வடிகட்டி அடைத்துக்கொண்டு காற்று போகாதபோது மோட்டார் சுமையின்றி வேகமாகச் சுற்றுவதால் எழும் சத்தம் அது. காற்றோட்டத்தாலேயே மோட்டார் குளிர வேண்டிய இயந்திரங்களில், அந்தச் சத்தம் கேட்ட பிறகும் ஓட்டினால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும்.

தீப்பற்றிய அன்று காலை, முந்தின இரவு அணைத்த அடுப்பைக் கடைக்காரர் சொன்ன முறைப்படியே இழுத்தோம். மேலே சாம்பல் வெளுத்துப்போய், கையை அருகில் கொண்டுபோனாலும் சூடு தெரியாமல் இருந்தது. சற்று நேரத்தில் பிளாஸ்டிக் எரியும் நாற்றம் வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், தொட்டியில் சேரும் இடத்தில் குழாய் இளகித் தொய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. மூடியைத் திறந்தபோது, மடிப்பு மடிப்பாக இருந்த காகித வடிகட்டியின் விளிம்புகளில் சிவப்புக் கோடு மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. திறந்ததும் காற்றுப் பட்டு அது சுடராக எழுந்தது. அப்படியே வெளியே தூக்கிப் போய் மணலில் கவிழ்த்து, மேலும் மணலை அள்ளிக் கொட்டினோம். சமையற்கட்டின் மூலையில் கேஸ் சிலிண்டர் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

இது நடந்ததற்கான காரணத்தை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. இரவில் கனலும் கங்குகளைச் சாம்பலால் மூடி வைத்து, காலையில் கிளறி ஊதி அடுப்பு மூட்டும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. நீறுபூத்த நெருப்பு என்று நாம் சொல்வதும் இதைத்தான். சாம்பல் வெப்பத்தை வெளியே விடாமல் தடுத்து வைப்பது. அதனடியில் கிடக்கும் கரித்துண்டு காற்றுக் குறைவாகக் கிடைப்பதால் மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும். ஆழமான சாம்பலுக்குள் கங்கு நான்கு நாள் வரைகூட உயிரோடு இருக்கலாம் என்று மேலைநாட்டுத் தீயணைப்புத் துறைகள் எச்சரிக்கின்றன. சீமைக்கருவேலங்கரி அடர்த்தியானது, லேசில் அணையாது. வேக்குவம் கிளீனருக்குள் போன கங்கின் மேல் ஓயாமல் காற்று பாய்வதால், அது கொல்லன் துருத்திக்கு முன்னால் வைத்த கரியைப் போலாகிவிடுகிறது. சுற்றிலும் இருப்பதோ பிளாஸ்டிக்கும் காகிதமும்.

கடைக்கு எடுத்துச் சென்றபோது, "நெருப்ப இழுத்திருக்கீங்க, இதுக்கு வாரண்டி வராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மறுநாளே இழுக்கலாம் என்று சொன்னவர் அங்கேதான் நின்றார். அப்படிச் சொல்லவே இல்லை என்றார். ரசீதின் கீழே 'ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்து ஸ்டிக்கரின் ஓரத்தை நனைத்து உரித்தேன். அடியில் தயாரிப்பாளரின் சொந்த அச்சில், ஈரமும் உலர்ந்ததுமான வீட்டுக் குப்பைக்கானது என்று மட்டுமே இருந்தது. உள்ளே வைத்திருந்த ஆங்கிலக் கையேட்டின் பாதுகாப்புப் பக்கத்தில், சூடான சாம்பல், கரிப்பொடி, சிமெண்ட் போன்ற நுண்தூசி ஆகியவற்றை இழுக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது. ஆக, வாரண்டியை மறுக்கக் கடை காட்டிய அதே விதிதான், அந்தப் பொருளைச் சாம்பலுக்கென்று விற்றது பொய் என்பதற்கும் சான்று.

உண்மையான சாம்பல் வேக்குவம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்நாடுகளில் வீட்டுக்குள் கணப்படுப்பும் மரத்தூள் குச்சிகளை எரிக்கும் அடுப்பும் வைத்திருப்பவர்களுக்காக உருவான கருவி இது. அதன் தொட்டி முழுவதும் உலோகம். குழாயின் உட்புறத்திலும் உலோகச் சுருளோ உலோகப் பூச்சோ இருக்கும். வடிகட்டி தீப்பிடிக்காத பொருளால் ஆனதாகவும், அதற்கு முன்னால் பெருந்துகளைத் தடுக்க உலோக வலை கொண்டதாகவும் இருக்கும். இத்தனையும் இருந்தும், ஆறிய சாம்பலை மட்டுமே இழுக்க வேண்டும் என்றுதான் அதன் கையேடும் சொல்கிறது. 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடிருந்தால் கூடாது என்று எழுதுவது வழக்கம். மரத்தூள் குச்சி பெரும்பாலும் முழுதாக எரிந்து பொடிச் சாம்பலையே விடும். நம் கரியடுப்பு அப்படியல்ல, பாதி எரிந்த துண்டுகளை நிறைய விட்டுவைக்கும். ஆகவே நல்ல சாம்பல் வேக்குவமே கையில் இருந்தாலும் நமக்கு அந்த நாட்டுக்காரர்களைவிட இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

இன்னொரு வகையும் இதே பெயரில் விற்கப்படுகிறது. மோட்டாரே இல்லாத வெறும் தகர டப்பா. அதை வீட்டில் இருக்கும் வேக்குவம் கிளீனரோடு குழாயால் இணைத்துக்கொள்ள வேண்டும். பெருஞ்சாம்பல் டப்பாவில் தங்கும், நுண்சாம்பல் அதைத் தாண்டி வீட்டு இயந்திரத்தின் மோட்டாருக்குப் போய்விடும். விலை குறைவு என்பதற்காக இதை வாங்கி, இருந்த நல்ல இயந்திரத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெள்ளி நிறம் பூசிய பிளாஸ்டிக் தொட்டியில் அது ஒட்டாது. எவர்சில்வரில் சில வகைகளிலும் ஒட்டாது என்பதால் விரலால் தட்டியும் பாருங்கள். குழாயை வளைத்து உட்புறத்தைப் பாருங்கள். வடிகட்டி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, இன்றே ஒன்று கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். ஏனென்றால் சாம்பலுக்குப் பயன்படும் வடிகட்டி அடிக்கடி மாற்ற வேண்டியது. மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி வகையான ஹெப்பா என்று எழுதியிருந்தால் தரம் என்னவென்று கேளுங்கள். எச் 13 தரமென்றால், மிகச் சுலபமாக நழுவக்கூடிய அளவுள்ள துகளிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் முன்னால் வேறொரு வடிகட்டி இல்லாமல் ஹெப்பாவை மட்டும் வைத்தால், சாம்பல் அதை விரைவிலேயே அடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லிக் கையேட்டின் பாதுகாப்புப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆங்கிலம் வராதவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கைப்பேசியில் படித்துச் சொல்லச் சொல்லலாம்.

இப்போது நாங்கள் செய்யும் முறை இது. சாம்பலை இரும்புக் கரண்டியால் அள்ளி, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, கூரைக்கும் விறகுக்கும் எட்டத்தில் வெளியே மணல் தரையில் வைத்துவிடுகிறோம். மூடிய அறைக்குள் வைப்பதே இல்லை. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். அள்ளும்போது அக்காவை அந்தப் பக்கமே விடுவதில்லை. அள்ளுகிறவர் என் 95 முகக்கவசம் போட்டுக்கொண்டு காற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறார். மிச்சமிருக்கும் மெல்லிய படலத்தைத்தான் இயந்திரத்தால் இழுக்கலாம், அதுவும் சில நாள் ஓய்ந்து கிடந்த அடுப்பில், கிளறிப் பார்த்த பிறகு.

கடலோரத்துக்கென்று தனியாக ஒன்று உண்டு. விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுப்பவை. சுண்ணாம்புச் சத்தோ ஈரம் பட்டால் இறுகும். இயந்திரத்துக்குள் சாம்பலை விட்டுவைத்தால் நம் உப்புக்காற்றில் அது கட்டி தட்டி வடிகட்டியை அடைப்பதோடு, காரத்தன்மையுள்ள அந்த ஈரச் சாம்பல் தொட்டியையும் அரிக்கத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் உடனே கொட்டித் துடைத்துவிட வேண்டும். வடிகட்டியைக் கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டுமே கழுவி, முழுவதும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரமும் இழுக்கும் இயந்திரம் என்பதற்காகச் சாம்பலில் தண்ணீர் தெளித்து இழுப்பது மிகத் தவறு. குழாய்க்குள் அது சாந்தாக இறுகிவிடும்.

எங்களைப் போல ஏமாந்தவர்கள் 'திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற அச்சைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பொருளின் பயன் குறித்துப் பொய் சொல்லி விற்பதும் அதில் அடக்கம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். மதுரையில் வாங்கிய பொருளுக்கும் நாம் குடியிருக்கும் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். உணவகத்துக்கு வாங்கியதால் வணிகப் பயன்பாடு என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்தும் தொழிலில் தானே பயன்படுத்த வாங்கிய பொருளுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது என்பதை மனுவில் எழுதிவிடுங்கள்.

நாங்கள் 1915இல் பதிவு செய்துவிட்டு, ஆணையத்துக்கான மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். கருகிய குழாய், வடிகட்டி, ஸ்டிக்கரோடு கூடிய பெட்டி, கையேடு, ரசீது எதையும் எறியவில்லை. கடைக்காரர் பழுது பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி இயந்திரத்தைக் கேட்டார். ஒப்புகைச் சீட்டு எழுதித் தந்தால் தருகிறேன் என்றேன், அதன் பிறகு அவர் அழைக்கவில்லை. முகப்பில் இப்படிச் 'சாம்பலுக்கு ஏற்றது' என்று பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர் உள்ள இயந்திரம் உங்களிடமும் இருந்தால், இன்று முதல் அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். ஸ்டிக்கரை உரிக்கும் முன் ஒரு படமும், உரித்த பின் ஒரு படமும், பெட்டியின் விலையும் இறக்குமதியாளர் முகவரியும் தெரியும்படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.